கவனம் எங்கே கசிகிறது

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுக்கு ஆள் போவது விடியற்காலை மூன்று, மூன்றரைக்கு. வெயில் ஏறுவதற்கு முன் மரத்துக்குள் பாலின் அழுத்தம் கூடுதலாக இருக்கும், வெட்டினால் நன்றாக ஒழுகும். அதனால்தான் அந்த இருட்டு நேரம். பக்கத்து வீட்டு அண்ணாச்சியோடு ஒருநாள் நானும் போனேன். நெற்றியில் கட்டிய லைட்டின் வட்டத்துக்குள் ஒரு சாண் பட்டை மட்டும் தெரிகிறது. பழைய வெட்டுக் கோட்டில் காய்ந்து கிடந்த ஒட்டுபாலை உரித்து எடுத்தார். கத்தியை வைத்து, அதே சரிவில், ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய கனத்தில் பட்டையைச் சீவினார். மேலோட்டமாகச் சீவினால் பால் சரியாக வராது. கொஞ்சம் ஆழமாகப் போனால் பட்டைக்கு உள்ளே இருக்கும் வளர்திசுவில் காயம் படும். அந்த இடத்தில் புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பின்னால் அதில் வெட்டுவது பெரும்பாடு. சிரட்டையை நிமிர்த்தி வைத்துவிட்டு அடுத்த மரத்துக்கு நடந்தார். விடிவதற்குள் இப்படி முந்நூறு மரம்.

"நடுவுல போன் அடிச்சா என்ன செய்வீங்க அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"வெட்டுத சமயத்துல எடுக்க மாட்டேன். கை இங்க இருக்கும், மனசு அங்க போயிரும். கத்தி உள்ள இறங்கிரும்."

அவருடைய மகன் என்னிடம் டியூஷன் படிக்கிறான், பிளஸ் ஒன். வீட்டுத் திண்ணையில் தங்கைக்குச் சொல்லிக் கொடுக்கும்போது கணக்கைப் படிப்படியாக, எங்கும் இடறாமல் போடுவான். நானே காதால் கேட்டிருக்கிறேன். என் முன்னால் எழுந்து நின்றால் மட்டும் பாதி வரியில் நின்றுவிடுவான். போன வருடம் ஒருநாள் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டேன்: "கவனம் எங்கலே இருக்கு உனக்கு?" அன்றைக்கு அவன் முதல் வரியைக்கூடச் சொல்லவில்லை.

அந்தக் கேள்விக்கு நேரான பதிலே இருக்கிறது என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். கவனத்தைப் பிடித்து நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு நெற்றி எலும்புக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியினுடையது. பிரீஃப்ரான்டல் கார்டெக்ஸ் என்பார்கள். முன்னெற்றி மூளை என்று வைத்துக்கொள்வோம். நான் சத்தம் போட்டபோது அந்தப் பகுதியில் என்ன நடந்திருக்கும் என்பதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

முதலில் அந்த இடம் செய்கிற வேலை. கண் முன்னால் இல்லாத ஒன்றை மனதில் பிடித்து வைத்து, அதை வைத்து அடுத்த காரியத்தைச் செய்வது. கணக்கின் மூன்றாவது வரியை எழுதும்போது முதல் வரியில் என்ன எடுத்தோம் என்பது மனதில் நிற்க வேண்டும். அதே நேரம் ஜன்னலுக்கு வெளியே போகும் பஸ் உள்ளே வரக் கூடாது. பிடித்து வைப்பதும் தள்ளி வைப்பதும் சேர்ந்ததுதான் நாம் கவனம் என்று சொல்வது.

இதைக் குரங்குகளை வைத்துத்தான் முதலில் கண்டார்கள். இரண்டு குழிகளில் ஒன்றில் தீனியை வைப்பார்கள், குரங்கு பார்க்கும். பிறகு நடுவில் திரையை இறக்கிவிடுவார்கள். சில நொடிகள் கழித்துத் திரை எழும்பும்போது குரங்கு சரியான குழியை எடுக்க வேண்டும். வாக்கின் ஃபுஸ்டர் என்ற ஆய்வாளர் 1971இல் இந்தச் சோதனையின்போது முன்னெற்றி மூளையின் செல்களில் மின்துடிப்பை அளந்தார். திரை இறங்கி, பார்க்க எதுவுமே இல்லாத அந்த இடைவெளியிலும் சில செல்கள் விடாமல் துடித்துக்கொண்டிருந்தன. தீனி கண்ணை விட்டுப் போன பிறகும் அதை உள்ளே தாங்கி நின்றவை அந்தச் செல்கள். யேல் பல்கலைக்கழகத்தின் பாட்ரீசியா கோல்ட்மன்-ராகிக் பிற்பாடு இந்தச் செல்கள் ஒன்றோடொன்று எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதைப் பல வருட உழைப்பில் விளக்கினார். ஒரு செல் அடுத்ததைத் தூண்டும், அது திரும்ப இதைத் தூண்டும். நாலு பேர் கூடி ஒரு பாட்டை விடாமல் பாடிக்கொண்டிருப்பதுபோல அந்த நினைவு உயிரோடு இருக்கும். பிணைப்பு தளர்ந்தால் பாட்டு நின்றுவிடும்.

1979இல் வந்த ஒரு முடிவு எல்லாரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. டோபமின் என்ற வேதிப்பொருளை முன்னெற்றி மூளையின் அந்த இடத்தில் மட்டும் வற்றவைத்துப் பார்த்தார்கள். செல்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆனாலும் அந்தப் பகுதியையே வெட்டி எடுத்தால் குரங்கு எவ்வளவு தடுமாறுமோ, கிட்டத்தட்ட அவ்வளவு தடுமாறியது. டோபமினுக்கு ஈடான மருந்து கொடுத்ததும் தேறியது. வயல் இருக்கிறது, வரப்பு இருக்கிறது, தண்ணீர் இல்லையென்றால் அது தரிசுதானே.

டோபமினோடு அதன் உடன்பிறப்பு ஒன்றும் இருக்கிறது: நோர்அட்ரினலின். உடன்பிறப்பு என்று சும்மா சொல்லவில்லை. டோபமினை ஒரு நொதி ஒரே ஒரு படி மாற்றினால் நோர்அட்ரினலின் ஆகிவிடும். டோபமின் நடுமூளையில் இருந்து வருகிறது. நோர்அட்ரினலின் மூளைத்தண்டில் நீலப்புள்ளி எனப்படும் ஒரு சிறு செல் கூட்டத்தில் இருந்து வருகிறது. மனித மூளையில் பல ஆயிரம் கோடி நரம்பு செல்கள் இருக்க, நீலப்புள்ளியில் இருப்பது சில பத்தாயிரம்தான். ஆனால் அதன் இழைகள் மூளையின் மூலைமுடுக்கெல்லாம் போகின்றன. நாம் அசந்து இருக்கும்போது அது மெதுவாகத் துடிக்கும். கனவு வரும் தூக்கத்தில் ஏறக்குறைய அடங்கியே போகும். ஒரு காரியத்தில் ஊன்றி இருக்கும்போது அளவாகத் துடித்து, வேண்டிய நேரத்தில் மட்டும் சட்டென்று ஒரு வீச்சு வீசும். பதற்றத்தில் ஓயாமல் துடிக்கும்.

இந்த வேதிப்பொருள்கள் செல்லுக்குள் நேராகப் போய் எதையும் செய்வதில்லை. செல்லின் மேல் அவற்றைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன, ரிசெப்டர் என்று டாக்டர்கள் சொல்வது. எந்த ஏற்பியில் போய் உட்காருகிறது என்பதைப் பொறுத்து வேலை மாறும். ஒரே ஆள் ஒரு வீட்டுக்குள் போனால் தாய்மாமா, இன்னொரு வீட்டுக்குள் போனால் மாப்பிள்ளை. ஆள் ஒருவர்தான், ஆனால் நடப்பது வேறு வேறு. நோர்அட்ரினலினும் அப்படித்தான்.

இந்த இடத்தில் என் சொந்த ஊரைச் சொன்னால் விளக்க எளிது. நான் பிறந்தது பூதப்பாண்டி பக்கம், வயல்காட்டு ஊர். அணைத் தண்ணீர் வாய்க்காலில் வந்து மடை வழியாக வயலுக்குள் ஏறும். ராத்திரி நிறைய கட்டிவிட்டு வந்தால் காலையில் வயல் பாதி வற்றிக் கிடக்கும். வரப்பில் நண்டு வளை போட்டிருக்கும். தாத்தா வரப்போரம் நடந்து, தண்ணீர் சுழித்து இறங்கும் இடத்தைக் கண்டுபிடித்து, ஒரு கை சேற்றை அள்ளி வைத்துக் குதிகாலால் மிதிப்பார். அவ்வளவுதான், தண்ணீர் நிற்கும்.

முன்னெற்றி மூளையின் செல்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களிலும் இப்படிப் பொத்தல்கள் உண்டு. சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறு செல்லுக்குள் கூடும்போது அவை திறக்கும். திறந்தால் பக்கத்துச் செல் அனுப்பிய தகவல் அங்கேயே ஒழுகிப்போகும், பாட்டு அடுத்தவருக்குப் போய்ச் சேராது. அந்தப் பொத்தல்களுக்கு அருகிலேயே ஆல்ஃபா-2ஏ என்ற ஏற்பி உட்கார்ந்திருக்கிறது. நோர்அட்ரினலின் அதைப் பற்றியதும் சைக்ளிக் ஏஎம்பி குறையும், பொத்தல் மூடும், பிணைப்பு இறுகும். ஏமி ஆர்ன்ஸ்டனின் குழு யேலில் இருந்து 2007இல் இதைக் காட்டியது. தாத்தாவின் குதிகால் செய்த வேலையை இங்கே ஓர் ஏற்பி செய்கிறது.

டோபமினுக்கு டி1 என்ற ஏற்பி. அது செய்வது வேறு. பக்கத்து வாய்க்கால்களின் வாயை அடைப்பது. ஒரு செல் வலப்பக்கக் குழியை நினைவில் வைத்திருக்கிறது என்றால், இடப்பக்கம் பற்றி வரும் தகவலை டி1 அளவாக மட்டுப்படுத்தும். ஆல்ஃபா-2ஏ வேண்டியதை வலுப்படுத்துகிறது, டி1 வேண்டாததை அடக்குகிறது. பிடித்து வைப்பது, தள்ளி வைப்பது என்று மேலே சொன்ன இரண்டுக்கும் இப்படி ஏற்பி அளவில் ஆள் இருக்கிறது. இதைப் படித்த அன்றைக்கு எனக்குப் பிடிபட்ட சந்தோஷத்தை இன்னும் மறக்கவில்லை.

சரி, அப்படியானால் டோபமினும் நோர்அட்ரினலினும் நிறையச் சுரந்தால் கவனமும் நிறைய வருமா? வராது, அதுதான் இந்த விஷயத்தின் மையம். டி1 அளவுக்கு மேல் தூண்டப்பட்டால் வேண்டிய வாய்க்காலையும் சேர்த்து அடைத்துவிடும். செல் மௌனமாகிவிடும். நோர்அட்ரினலினிலும் இதே கதை. ஆல்ஃபா-2ஏ ஏற்பிக்குப் பற்றுதல் அதிகம், கொஞ்சம் இருந்தாலே பிடித்துக்கொள்ளும். ஆல்ஃபா-1 என்று இன்னொன்று இருக்கிறது, அதற்குப் பற்றுதல் குறைவு. வெள்ளமாக வந்தால்தான் அதற்குக் கிடைக்கும். அது தூண்டப்பட்டால் வேறொரு வழியாகச் செல்லின் துடிப்பு அடங்கிவிடும். ஒரே பொருள், அளவாக வந்தால் பிணைக்கிறது, மிஞ்சி வந்தால் அவிழ்க்கிறது. வரைபடமாகப் போட்டால் ஒரு குன்று மாதிரி இருக்கும். இடது அடிவாரம் தூக்கக் கலக்கம், உச்சி நல்ல கவனம், வலது அடிவாரம் பயம்.

பயந்தவன் மூளை சும்மா இருக்கிறதா என்றால், இல்லை. அதே வெள்ளம் அமிக்டலா என்ற, ஆபத்தை மோப்பம் பிடிக்கும் பழைய பகுதியை வலுப்படுத்துகிறது. ரப்பர் தோட்டத்தில் காலடியில் பாம்பு கிடந்தால் அது என்ன சாதி, எத்தனை அடி என்று யோசித்துக்கொண்டிருக்க நேரம் இல்லை, துள்ளிக் குதிக்க வேண்டும். அதற்காக யோசிக்கிற பகுதியை ஓரம் கட்டிவிட்டு, அனிச்சையான பகுதியிடம் பொறுப்பு போகிறது. உயிர் பிழைக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் நாற்பது பேர் முன்னால் எழுந்து நிற்கும் பையனுக்கு வாத்தியாரின் குரலும் மூளையில் அந்தப் பாம்பு இருக்கும் இடத்தில்தான் போய் விழுகிறது. நிலைமை தன் கையை மீறிப் போய்விட்டது என்று தோன்றும்போது யோசிக்கிற பகுதியை இப்படி ஓரம் கட்டுவது இன்னும் கடுமையாக இருக்கும்.

நம் ஊரில் "அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்பார்கள். "அந்தக் காலத்துல அடிச்சுத்தான் படிச்சோம், வாய்ப்பாடு இப்பவும் மறக்கல" என்று சொல்லும் பெரியவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் பொய் சொல்லவில்லை. இதற்கு 1908லேயே ஒரு விளக்கம் கிடைத்தது. ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற இருவர் எலிகளுக்கு வெள்ளைப் பெட்டியையும் கறுப்புப் பெட்டியையும் பிரித்தறியப் பழக்கினார்கள், தவறினால் மின்அதிர்ச்சி. பிரித்தறிவது மிக எளிதாக இருந்தபோது அதிர்ச்சி கூடக்கூட எலிகள் வேகமாகக் கற்றன. வித்தியாசம் நுணுக்கமாக இருந்தபோது நடுத்தர அதிர்ச்சியில்தான் நன்றாகக் கற்றன, கூடினால் கெட்டது. ஏற்பிகள் பற்றி அப்போது யாருக்கும் தெரியாது. இன்றைக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் பொருந்தி வருகிறது. பதினாறாம் வாய்ப்பாடு மனப்பாடம், நன்றாகப் பழகியபின் அதற்கு முன்னெற்றி மூளை அதிகம் வேண்டாம். ஒரு புதுக் கணக்கில் இரண்டு சூத்திரங்களில் எது பொருந்தும் என்று நின்று யோசிப்பதற்கு அது முழுக்க வேண்டும். பிரம்பு முதலாவதற்கு ஒருவேளை உதவியிருக்கலாம், இரண்டாவதை அது கெடுக்கும். சட்டமும் கல்வி உரிமைச் சட்டம் 2009 மூலம் பள்ளியில் அடிப்பதைத் தடை செய்திருக்கிறது. ஆனால் நாக்கால் அடிப்பது இன்னும் நிற்கவில்லை, நானும் அடித்தவன்தான்.

சத்தமும் ஒரு விஷயம். மாசி, பங்குனி மாதங்கள் நம் மாவட்டத்தில் கோவில் கொடையும் திருவிழாக்களும் கூடிவரும் காலம், பொதுத்தேர்வும் அப்போதுதான். எனக்குத் திருவிழா பிடிக்கும், வில்லுப்பாட்டு கேட்க விடியவிடிய உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் இதைச் சொல்லியாக வேண்டும். ஆர்ன்ஸ்டனும் கோல்ட்மன்-ராகிக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வில் குரங்குகளுக்கு 100 டெசிபலுக்கு மேல் இரைச்சலைக் கேட்க வைத்து, அதே குழிச் சோதனையைக் கொடுத்தார்கள். தீனி இருக்கும் இடத்தை நினைவில் வைப்பதில் தடுமாறின. முன்னெற்றி மூளை தேவைப்படாத மற்ற வேலைகளைச் சரியாகவே செய்தன. டோபமின் ஏற்பியை ஓரளவு மறிக்கும் மருந்து கொடுத்தபோது தடுமாற்றம் குறைந்தது. அதாவது சோம்பலோ அலட்சியமோ காரணம் இல்லை, டோபமின் மிஞ்சியதுதான். வீட்டைப் பார்த்தபடி மதில்மேல் கூம்பு ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருக்கும்போது பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையிடம் "மனச ஒருமுகப்படுத்து மக்கா" என்று சொல்வதைவிட, கூம்பைத் திருப்பிவைக்கச் சொல்லிக் கமிட்டியில் பேசுவது அந்தப் பிள்ளையின் மூளைக்கு உதவும்.

இனி மருந்து. கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த ஏடிஹெச்டி என்ற நிலை உலக அளவில் குழந்தைகளில் ஏறக்குறைய 5 சதவீதம் பேருக்கு இருப்பதாக ஆய்வுகளின் தொகுப்பு சொல்கிறது. நம் பள்ளிக்கூடங்களில் இவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் பெயர் "அடங்காதவன்". 2007இல் அமெரிக்காவில் பிலிப் ஷாவின் குழு மூளைப் படங்களை ஒப்பிட்டுப் பார்த்தது. ஏடிஹெச்டி உள்ள பிள்ளைகளின் மூளைப் புறணி, அதாவது மூளையின் வெளியடுக்கு, மற்றப் பிள்ளைகளுடையது போலவே வளர்கிறது, ஆனால் சுமார் மூன்று வருடம் பிந்தி. முன்னெற்றிப் பகுதியில்தான் அந்தப் பிந்தல் அதிகம். பத்து வயதுப் பையனிடம் ஏழு வயதுக்குரிய முன்னெற்றி இருக்கிறது என்று ஒரு அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் முகம் மாறியதைப் பார்த்தபோது இந்தத் தகவல் எவ்வளவு பேருக்குப் போய்ச் சேர வேண்டியிருக்கிறது என்று பட்டது.

இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் 1944இல் சுவிட்சர்லாந்தில் லியாண்ட்ரோ பனிசோன் தயாரித்தது. தன் மனைவி ரீட்டாவின் பெயரையே அவர் ரிட்டாலின் என்று வைத்தார். இது தூண்டும் வகை மருந்து. ஏற்கெனவே துள்ளுகிற பிள்ளைக்குத் தூண்டும் மருந்தா என்று பெற்றோர் பயப்படுவது இயல்புதான். குன்றை நினைத்துக்கொண்டால் புரியும். அந்தப் பிள்ளை நிற்பது இடது சரிவில். குறைந்த அளவு மருந்து முன்னெற்றி மூளையில் டோபமினையும் நோர்அட்ரினலினையும் கொஞ்சம் உயர்த்தி உச்சிப் பக்கம் கொண்டுவருகிறது. உச்சிக்கு வந்ததும் உடம்பு அடங்குகிறது. அடோமாக்சட்டின் என்பது நோர்அட்ரினலினைத் திரும்ப உறிஞ்சும் வழியை மறிக்கும் மருந்து. முன்னெற்றி மூளையில் டோபமினும் பெரும்பாலும் அதே வழியாகத்தான் உறிஞ்சப்படுகிறது என்பதால் இரண்டுமே அங்கு உயரும். குவான்ஃபசின் இன்னும் நேரானது. ரத்த அழுத்தத்துக்காக வந்த மருந்து, ஆல்ஃபா-2ஏ ஏற்பியையே போய்த் தொடுவது. குரங்குகளில் பார்த்த ஆய்வின் தொடர்ச்சியாக 2009இல் அமெரிக்காவில் ஏடிஹெச்டிக்கு அனுமதி கிடைத்தது. நண்டு வளையை மிதிக்க மருந்துக்கடையில் கிடைக்கும் குதிகால் என்று சொல்லலாம்.

அதே குன்றைப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். ஏற்கெனவே உச்சியில் நிற்கும் ஒருவர், பரீட்சைக்கு விழித்திருக்க என்று நண்பன் தந்த மாத்திரையை விழுங்கினால் போவது வலது சரிவுக்கு. இவை டாக்டர் பார்த்து, அளவு பார்த்து, எடையும் ரத்த அழுத்தமும் பார்த்துக் கொடுக்க வேண்டியவை. நம் மாவட்டத்தில் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜின் மனநலப் பிரிவுக்குப் பிள்ளையை அழைத்துப் போவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கண்ணாடி போட கண் டாக்டரிடம் போகிறோம்தானே.

தூக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் அந்தப் பையனின் கதையில் அதுவும் இருந்தது. லீவு நாள்களில் அப்பாவோடு அவனும் எழுந்து பால் எடுக்கப் போவான் என்பது எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது. விழித்திருக்கும் நேரம் நீள நீள மூளையில் அடினோசின் என்ற பொருள் சேரும், அது செல்களின் துடிப்பைத் தணிக்கும். கட்டன் சாயாவில் உள்ள காஃபின் அந்த அடினோசின் உட்கார வேண்டிய ஏற்பியில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. அடினோசின் எங்கும் போய்விடவில்லை, வாசலில் காத்து நிற்கிறது. சாயா இறங்கியதும் உள்ளே வரும். தூக்கம் கெட்டவன் குன்றின் இடது அடிவாரத்தில் இருப்பான். அவனை எழுப்பி நிறுத்தி மிரட்டினால் உச்சியில் நிற்காமல் ஒரே தாவலில் வலது அடிவாரத்துக்குப் போய்விடுவான்.

இப்போது சனிக்கிழமை வகுப்பை அவனுக்காகச் சாயங்காலத்துக்கு மாற்றியிருக்கிறேன். கேள்வியைக் கேட்டுவிட்டு நான் ஜன்னல் பக்கம் போய், வெளியே பார்த்து நின்றுகொள்கிறேன். அவன் போர்டைப் பார்த்து எழுதுகிறான், மற்றப் பிள்ளைகள் அவரவர் நோட்டில் அதே கணக்கைப் போடுகிறார்கள். போன வாரம் நான்காவது வரியில் சாக்பீஸ் சத்தம் நின்றது. நான் திரும்பவில்லை. தெருவில் ரப்பர் ஷீட் ஏற்றிய ஆட்டோ ஒன்று மேட்டில் முக்கி ஏறிப் போனது. அது வளைவில் மறைந்து கொஞ்ச நேரம் கழித்து, பின்னால் சாக்பீஸ் மறுபடி உரசத் தொடங்கியது.